துப்பாக்கிக்கு விலை கேட்டபோது

செஞ்சிக் கோட்டைக்குப் பின்புறம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கிணறு வற்றிவிட்டது. போர்வெல் போடக் கையில் பணமில்லை. அதனால், சென்ற ஆண்டு இறந்துபோன என் அப்பா, நைனா, விட்டுச்சென்ற பழைய ராணுவத் துப்பாக்கியை விற்க நினைத்தோம். லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது.

துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர் விலை சொல்ல வீட்டுக்கு வந்தார். கண்ணாடி போல் மின்னிய துப்பாக்கியைப் பெருமையாக நீட்டினேன். அவர் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் எதையோ தேடினார்.

"இத்த இன்னா போட்டுத் தேய்ச்சீங்க?"

"புளியும் செங்கல் தூளும்தாங்க. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தேய்ச்சு, பொட்டு வச்சுக் கும்புடுவோம்."

"பட்டாளத்து முத்திரை, வருஷம், நம்பர் எல்லாமே தேஞ்சு போயிருக்குது. அதுக்குத்தாங்க விலையே. இப்ப இது வெறும் இரும்பு."

அதோடு முடியவில்லை. லைசென்ஸில் உள்ள நம்பர் துப்பாக்கியில் இல்லாததால், என் பெயருக்கு மாற்றவும் வழியில்லாமல் போனது. போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

இந்த ஆயுத பூஜைக்கு மனைவி புளி கரைத்தாள். பிடுங்கிக் கொட்டிவிட்டேன். இப்போது எதையும் தேய்ப்பதில்லை. தூசி தட்டிப் பூ வைப்பதோடு சரி. இந்த முறை பூ வைத்தது மண்வெட்டிக்கு மட்டும்தான். அதற்கும் நிலத்தில் வேலை இல்லை.