முனிகிருஷ்ணன் வீட்டில் வாசிப்பு நேரம்

அடுகோடி லேத்துப் பட்டறையிலிருந்து ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு வந்ததும் முனிகிருஷ்ணன் முதலில் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவான். மகளின் புத்தகத்தில் கிரீஸ் படக் கூடாது. டீகூட அதற்குப் பிறகுதான். டியூப்லைட்டுக்கு நேர் கீழே பாயை விரித்து, மூன்றாம் வகுப்புக் கன்னடப் பாடப் புத்தகத்தை மமதாவின் மடியில் வைத்து, "ஓது மகளே" என்பான்.

மமதா முதல் வரியில் விரலை வைத்துப் படிக்கத் தொடங்குவாள். குரல் ஓடும், கூடவே விரலும் ஓடும், பக்கம் திரும்பும். அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பான். கன்னடம் அவன் காதுக்கும் வாய்க்கும் பழக்கம். எழுத்துதான் தெரியாது. தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவன், கன்னட எழுத்தின் முன்னால் கைநாட்டு. பஸ்ஸில்கூட நம்பரைப் பார்த்துத்தான் ஏறுவான்.

"பொண்ணு கன்னடத்துல பொளந்து கட்றாளாமே" என்பான் பட்டறையில் அலெக்சாண்டர். "போற போக்குல உன்னியே வித்துட்டு வந்துருவா, பாத்துக்கோ."

"விக்கட்டும்பா. எங்கனா ஒரு எடத்துல மாட்டிக்காம இருந்தா போதும்."

இதை அவன் சிரிக்காமல்தான் சொல்வான். தொண்ணூற்றொன்று டிசம்பரில், காவிரிக் கலவரத்தின்போது, ஓசூர் ரோட்டில் அவன் சைக்கிளை நாலைந்து பேர் மறித்தார்கள். எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார்கள். அவன் தட்டுத் தடங்கல் இல்லாமல் கன்னடத்தில் பதில் சொன்னான். போகச் சொல்லிவிட்டார்கள். அவனுக்குப் பின்னால் நின்றவனுக்கு ஒரு சொல் வாயில் வரவில்லை. முனிகிருஷ்ணன் திரும்பிப் பார்க்காமல் மிதித்தான். சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

அடுத்த ஜூனில் மமதாவைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்துக் கன்னடப் பள்ளியில் சேர்த்தான். தெருவில் இருக்கும் தமிழ் போஸ்டர்களையெல்லாம் எழுத்துக் கூட்டி அம்மாவின் உயிரை எடுத்துக்கொண்டிருந்த பிள்ளை அவள். முதல் வகுப்பிலிருந்து ஆரம்பித்தால் நல்லது என்று தலைமையாசிரியை சொல்லிப் பார்த்தார். "வருஷம் வீணாப் போயிடும் மேடம். அவளுக்குக் கன்னடம் தண்ணி பட்ட பாடு" என்று கெஞ்சி மூன்றிலேயே உட்கார வைத்தான். அவன் சொன்னது பொய்யும் இல்லை. தெருப் பிள்ளைகளோடு அவள் கன்னடத்தில்தான் சண்டை போடுவாள்.

வீட்டுக்கும் ஒரு சட்டம் போட்டான். மகள் காதில் தமிழ் விழக் கூடாது.

"நான் வாணியம்பாடிக்காரி" என்றாள் அவன் மனைவி சரசு. "வேணும்னா பேக்கு, வேணாம்னா பேடா. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். இத்த வெச்சிகினு புள்ளகிட்ட இன்னாய்யா பேசறது?"

"பேசாத இரு."

அவள் பேசாமல் இருந்தாள். சோற்றைப் போட்டாள், தலை வாரிவிட்டாள், பையை மாட்டி அனுப்பினாள். எல்லாம் கையாலேயே நடந்தது. வாசிப்பு நேரத்தில் மட்டும் வீட்டில் குரல் கேட்டது.

மழைக்காலம் முடிந்து, ஒரு நாள் மமதா கொக்குப் பாடத்தை எடுத்தாள். "ஒந்து கெரெ இத்து." ஒரு ஏரி இருந்தது. அதில் ஒரு கொக்கு இருந்தது. கொக்கு முதல் மீனைத் தூக்கும் இடத்தில் கரண்ட் போனது. தெரு முழுக்க இருண்டது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். சரசு மெழுகுவத்தியைத் துழாவினாள்.

மமதா நிறுத்தவில்லை. கொக்கு இரண்டாவது மீனைத் தூக்கியது, மூன்றாவதைத் தூக்கியது. நண்டு வந்தது. இருட்டில் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது.

முனிகிருஷ்ணன் சுவரிலிருந்து முதுகை எடுத்தான்.

மெழுகுவத்தி வந்ததும் ஏதோ ஒரு வரியின் நடுவில் விரலை வைத்தான். "இது இன்னா?" அவன் போட்ட சட்டம் அவனுக்கே மறந்து போயிருந்தது. மமதா முதல் வரியிலிருந்து உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வழியில் எங்கோ தவறிப்போய் நின்றாள். ஒரே ஒரு எழுத்தைக் காட்டினான். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கொத்தில்லப்பா" என்றாள். தெரியாது. பிறகு, "நீ சொல்லு" என்றாள் கன்னடத்திலேயே.

அவனுக்கும் தெரியாது. அப்பாவும் மகளும் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பக்கத்து வூட்டுப் பொண்ணு ஒருவாட்டி படிச்சிக் காட்டுவா. இவ கேட்டு மனசுல வாங்கிக்குவா" என்றாள் சரசு. மாதக்கணக்கில் பேசாத தொண்டை கரகரத்தது. "எனக்கு அப்பவே தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"எந்த பாஷைல சொல்றது?"

மறுநாள் பட்டறைக்குப் போகாமல் பள்ளிக்குப் போனான். வகுப்பு டீச்சர் சுனிதா மிஸ் கெட்டவர் இல்லை. ஒரே அறையில் இரண்டு வகுப்பை வைத்துச் சமாளிக்கிறவர். "கடகடன்னு ஒப்பிக்கிறா, அதனால பின்பெஞ்சுல போட்டேன்" என்றார் கன்னடத்தில். "எழுதறதெல்லாம் பாத்து எழுதறதுதான். எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க. வீட்டுல அப்பா தினமும் உக்காந்து படிக்க வைக்கிறார்னு சொன்னா. அப்புறம் நான் ஏன் கவலைப்படணும்?"

மமதாவை முதல் வகுப்பில் உட்கார வைத்தார்கள். குட்டிப் பெஞ்சில் முழங்கால் இடித்தது. வாண்டுகள் அவளை "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக் கலாட்டா செய்தன. சில நாள் போனாள். பிறகு பள்ளி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டு, மணி அடித்ததும் வீட்டுக்கு வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முனிகிருஷ்ணன் தமிழ்ப் பேப்பரை மகளின் மடியில் வைத்தான். "இதப் படி கண்ணு. உனக்கு வருமே" என்றான் தமிழில்.

மமதா எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். பேப்பரின் முதல் வரியில் விரலை வைத்தாள்.

"ஒந்து கெரெ இத்து" என்று ஆரம்பித்தாள்.

அவன் நிறுத்தச் சொல்லவில்லை. கொக்கு எல்லா மீனையும் தின்று, நண்டு அதன் கழுத்தை நெரிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் பேப்பரைத் திருப்பினாள்.

அவளை மறுபடி பழைய வகுப்புக்கே அனுப்பினார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றது. இரண்டாயிரத்தைத் தாண்டிய இந்த வருஷங்களில் அவள் ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைக்கிறாள். நம்பரைப் பார்த்து பஸ் ஏறுகிறாள். முனிகிருஷ்ணன் கன்னடம் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். மதியச் சாப்பாட்டு நேரத்தில், லேத்து மேஜையில் சாக்பீஸால் அலெக்சாண்டர் எழுதிக் காட்டிய எழுத்துகள். வேலை முடிந்து வந்தால் இப்போதும் கையை அப்படியேதான் கழுவுகிறான். கன்னடப் பேப்பரை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, எழுத்துக் கூட்டி, உரக்கப் படிக்கிறான்.

மமதா முதுகைக் காட்டிக்கொண்டு மறுநாள் சுடிதாருக்கு இஸ்திரி போடுவாள்.

"சாகுப்பா" என்பாள் கொஞ்ச நேரம் கழித்து. போதும்.

அவன் அந்த வரியை மட்டும் முடித்துவிட்டு நிறுத்துவான்.