கேணிக்குப் போகும் வழியில் மூன்று காணிகள்

"குதிரை காக்கிறது எண்டால் குதிரைக்குப் பின்னாலை ஓடுறதில்லை, அது..." என்று என் சின்னையா ஒருமுறை படகில் வைத்துச் சொன்னார். மிச்சம் நினைவில்லை; இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அந்த மிச்சத்தை நான் ஒஸ்லோவில்தான் படித்தேன். இந்தத் தொழிலில் முக்கால்வாசியும் ஆட்களின் கதவைத் தட்டி, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிப்பதுதான்.

நெடுந்தீவின் தெற்கே பெரிய புல்வெளி ஒன்று இருக்கிறது. அரச நிலம். எப்போதோ வந்த வெள்ளைக்காரர் விட்டுப்போனவற்றின் வழிவந்தவை என்று சொல்லப்படும் காட்டுக் குதிரைகள் அங்கே நிற்கின்றன. யாருக்கும் சொந்தமில்லை. கோடையில் புல்வெளியில் இருக்கும் பள்ளங்கள் வற்றிவிட்டால், ஊர்ப்பக்கத்துக் கேணிக்குத் தண்ணீர் தேடி வரும். வெளிக்கும் கேணிக்கும் நடுவே மூன்று காணிகள். பழைய முருகைக்கல் மதில்கள் இடிந்து கிடந்தவரை கரைச்சல் இல்லை. ஆனால் காணிக்காரர் எல்லாரும் இப்போது நோர்வேயில். ஒவ்வொருவராகத் தொலைபேசியிலேயே மேசனைப் பிடித்துப் புது மதில் கட்டத் தொடங்கினார்கள். வழி அடைபட்டால் குதிரைகள் தாகத்தில் புல்வெளியிலேயே செத்து விழும். விழுந்து கிடந்தவற்றைப் பார்த்தவன் நான்.

பத்து வயதில் நோர்வேக்கு வந்தவன். தமிழில் தொடங்கிய படிப்பை நோர்வேஜிய மொழியில் முடித்து, நாற்பதுக்குப் பிறகு தீவுக்குப் போய்ச் சில வருடம் இருந்துவிட்டு, திரும்பவும் ஒஸ்லோவுக்கே வந்து ட்ராம் ஓட்டுகிறேன். ஓய்வு நாட்களில் இந்த வேலை: மதிலில் ஒரு கடப்பு, குதிரை நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி, விடச் சொல்லிக் காணிக்காரரைக் கேட்பது. சங்கத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ காசு சேர்க்க நீங்களும் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தால் என் முழங்கால் நோவு உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ரொம்சோஸில் ஒரு திறப்பு

முதல் காணி பீற்றர் அண்ணையுடையது. ஒஸ்லோவின் ரொம்சோஸ் அடுக்குமாடியில், பள்ளத்தாக்கைப் பார்த்த வீடு. நான் போன அன்று பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளைப் பனிப்புகார் மூடியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்குள்ளிருந்து ஏதாவது நாலு காலில் நடந்து வந்துவிடும் போலிருந்தது. அண்ணை என்னை அதிகம் கதைக்கவே விடவில்லை. "ஓம் தம்பி, வாயில்லாச் சீவன்கள்தானே. நல்ல வழியா விடுவம்" என்றார். இவ்வளவு சுலபமாக ஒரு வீடும் முடிந்ததில்லை. சந்தோசத்தில் இரண்டு தேத்தண்ணி குடித்தேன்.

கோடை தொடங்க, தீவிலிருந்து ராசன் ஒரு வீடியோ அனுப்பினான். கடற்றொழில் செய்கிறவன், அங்கே எனக்குக் கண்ணும் காலும் அவன்தான். அண்ணையின் மதிலில் வழி இருந்தது. அந்த வழியில் பூவேலைப்பாட்டோடு இரும்புப் படலை. படலையில் ஓர் ஆமைப்பூட்டு. அதற்கு வெளியே ஒரு பெட்டைக் குதிரை, பேருந்துக்கு நிற்கிறவளைப் போல, தலையைத் தொங்கப் போட்டபடி நின்றுகொண்டிருந்தது. திரும்பவும் ரொம்சோஸுக்கு ஓடினேன். பூட்டு ஏன் என்றால், ஊரில் இருக்கிற சொந்தக்காரரை நம்ப ஏலாதாம். திறப்பு எங்கே என்றேன். அண்ணை எழும்பிப் போய், சுவரில் இருந்த மாதா படத்துக்குப் பின்னாலிருந்து அதை எடுத்துக் காட்டினார்: "பயப்பிடாதை தம்பி, இஞ்சை பத்திரமாக் கிடக்கு!"

திராமனில் ஒரு வழக்கு

நான் காட்டிய வீடியோவை இரண்டாம் தரம் பார்த்தபோது பீற்றர் அண்ணையின் முகம் மாறிவிட்டது. படலையைக் கழற்றச் சொல்லி அங்கேயே தொலைபேசி எடுத்தார். அடுத்தது திராமன் நகரில் இருக்கும் றெஜினா அக்கா. மன்னார் ஆள்; காணி, காலமாகிவிட்ட கணவருடையது. நெடுந்தீவை அக்கா கண்ணாலும் கண்டதில்லை. "மதில் இருந்தாத்தானே அது அவரின்ரை காணி எண்டு ஆருக்கும் விளங்கும்" என்றார். யன்னலுக்கு வெளியே ஆறு மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

வழக்கை நடத்தியது, ஒஸ்லோவில் சட்டம் படிக்கிற மகள் அனித்தா. "அம்மா, பூசை முடிய நாங்கள் போய் புளோபேர்ப் பழம் பிடுங்கிற காடு ஆரின்ரை?" என்று கேட்டாள்.

"எனக்கென்னண்டு தெரியும்?"

"ஒரு நோர்வேக்காரரின்ரை. அந்தாள் ஒருநாளாவது உங்களை மறிச்சவரோ? மறிக்கேலாது. அல்லெமன்ஸ்ரெட்டன்." பிறத்தியாருடைய காட்டில் யாரும் நடக்கலாம், பழம் பிடுங்கலாம் என்கிற இந்த நாட்டு உரிமை அது. "உங்களுக்கு அங்கை நடக்கலாமெண்டால் குதிரைக்கு ஏன் இஞ்சை ஏலாது?"

அக்கா ரோல்ஸ் அடுக்கிய பலகாரத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு மகளை நேராகப் பார்த்தார். "நாங்கள் அந்தாளின்ரை காட்டிலை சாணி போட்டனாங்களோடி?"

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு அக்கா கணவரின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சப்பாத்துப் போடும்போது கதவடியில் வந்து சொன்னார்: "கடப்பு விடச் சொல்லுங்கோ தம்பி. ஆனா அந்தச் சாணியை அள்ளி, அவர் வைச்ச முருங்கைக்குப் போடச் சொல்லுங்கோ."

ட்ராம் நிற்கிற இடத்தில்

ஒரு காலைப்பொழுது. ட்ராம் கடைசித் தரிப்பில் நிற்கிறது, வண்டியில் யாரும் இல்லை. லைலாக் பூக்களின் வாசம் திறந்த கதவால் வருகிறது. ராசனின் புது வீடியோ. இரண்டு காணிகளையும் தாண்டிக் குதிரைகள் வருகின்றன: புழுதி, புழுதிக்குள் பிடரிமயிர், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போகும் செம்மண் நிற முதுகுகள். சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். அதனால் அவை தண்ணீருக்கடியில் நடக்கிற மாதிரி இருந்தது. தண்டவாளத்தின் ஓரத்துப் புல்லில் அவற்றின் நிழல் விழுகிறதா என்று ஒரு கணம் திரும்பிக்கூடப் பார்த்தேன்.

மாற்று ஓட்டுநர் ஊலா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பால்மாட்டுக்கும் பெயர் வைக்கிற பண்ணையில் வளர்ந்தவர். இவற்றின் பெயர் என்ன என்று கேட்டார். பெயர் இல்லை என்றேன். ஒன்றுக்கும் இல்லையா? ஒன்றுக்கும் இல்லை. தன் கோப்பிக் குவளையை மூடி, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கதவை மூடுவதற்கு முன்னால் சொன்னார்: "அப்ப வேலைக்கு வா எண்டு கூப்பிட ஒருத்தரும் இல்லை. குடுத்து வைச்சதுகள்."

சொங்ஸ்வான் ஏரிக்கரையில்

மூன்றாவது காணி எனக்கும் என் கூடப்பிறந்த அக்காவுக்கும் அப்பா விட்டுப்போனது. அந்த வீடியோவில் குதிரைகள் அதன் எல்லையில்தான் நின்றுவிட்டன. அக்காவின் சொற்படி மேசன் அங்கே மதிலை எழுப்பிவிட்டிருந்தான். அவள் நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டுகிறவள். குளிரில் விறைத்துப்போன விரல்களை ஊர் வெயிலில் காயவைக்க வேண்டும் என்பதுதான் அவள் வாழ்க்கையின் ஒரே ஆசை. ஒரு வீடு, முன்னால் ஒரு விறாந்தை, பின்னால் கிணறு. எனக்கும் அதே காணியில், ஒருநாள், ஓர் அறை என்று இருந்தது. அந்த அறையைப் பற்றி இருவரும் வாய்விட்டுக் கதைத்ததில்லை.

விடுமுறைக்கு ஒஸ்லோ வந்தபோது சொங்ஸ்வான் ஏரிக்கரை வாங்கில், கட்டப்போகிற வீட்டின் படத்தை விரித்துக் காட்டினாள். ஏரி அசையாமல் கிடந்தது. மரங்கள் தலைகீழாக அதற்குள் நின்றன. படத்தில் குதிரைகள் வருகிற வழியை என் விரலால் கீறிக் காட்டினேன். அது அவள் குசினியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது.

"டேய், நான் சோறு வடிக்கேக்கை குதிரை நிண்டு பாக்கோணுமோ?"

"வீட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டேலாதோ அக்கா?"

"மற்றப் பக்கம் முழுக்கக் கல்லு. தண்ணியும் இல்லை. அதிலை ஆர் வீடு கட்டுறது?" பிறகு ஏரியில் நீந்திய தாராக்களின் பக்கம் திரும்பினாள். "ஊர் ஆக்கள் எல்லாரிட்டையும் மதிலை உடையுங்கோ எண்டு கேட்டனீ. நான் மாட்டன் எண்டு சொன்னால் உன்ரை குதிரையள் என்ரை மதிலடியிலைதான் விழும். அதுவும் எனக்குத் தெரியும்."

காற்று வந்து ஏரியைச் சுருக்கியது. தலைகீழ் மரங்கள் கலைந்து, மறுபடி கூடின. அக்கா படத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "கிணறும் வீடும் வாற வடக்குப் பக்கம் எனக்கு வேணும். வழியை மற்றக் கல்லுப் பக்கத்தாலை திருப்பு, ஆனா அதிலை ஒரு நாளும் உனக்கு அறை கட்டேலாது. பிரிக்கிறதெண்டால் நல்லா யோசிச்சுச் சொல்லு. பிறகு என்னட்டை வந்து அழக் கூடாது."

மற்றவர்களின் மதிலில் வழி கேட்டுத் திரிகிற தொழிலில், கடைசியில் தேத்தண்ணிகூட இல்லாமல் என்னிடமே நான் வழி கேட்க வேண்டிவரும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

கிணற்றுப் பக்கத்தை அக்காவின் பெயருக்கு எழுதச் சொல்லிவிட்டு, குதிரைகளுக்கு வழி விடுகிற கல்லுப் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன்.