பாராட்டுப் பெட்டி

சீட்டுக்காரர் என்றதும் சூதாடி என்று நினைத்துவிட வேண்டாம். அகராதி அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் துண்டுச் சீட்டு எழுதியவர். காதில் விழும் வாக்கியத்தை, யார் யாரிடம் என்றைக்குச் சொன்னார் என்ற விவரத்தோடு எழுதி, அந்தந்தச் சொல்லின் பெட்டியில் போட வேண்டும். சொந்தமாக இட்டுக்கட்டக் கூடாது. அது அங்கே சட்டம்.

அந்தச் சட்டத்தை மனிதர் வீட்டுக்கும் கொண்டுபோனார். கல்யாணமான புதிதில் மனைவி, "உங்க பொறுமையப் பாராட்டணுங்க" என்றாள். அவர் "இரு, இரு" என்று பென்சிலைத் தேடினார். எழுதி முடிப்பதற்குள் அவள் முகம் வாடிவிட்டது. அவர் எங்கே பார்த்தார், தேதி போட்டுக்கொண்டிருந்தார்.

ஓய்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் 'பாராட்டு' பெட்டி அவர் மேசைக்கு வந்தது. சொல் எங்கே பிறந்தது என்று பெரிய தலைகள் மூன்று மாதம் மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டுக் கையைக் கழுவியிருந்தார்கள். பொருள்களில் சிக்கல் இல்லை. உறவு பாராட்டலாம், பகை பாராட்டலாம், பிள்ளையைச் சீராட்டிப் பாராட்டலாம். எல்லாவற்றுக்கும் சீட்டு இருந்தது.

அதில் பாதி மனைவியின் கையெழுத்து. அவர் கண்ணில் புரை விழுந்த இரண்டு வருடம், அவர் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதினாள். இல்லாவிட்டால் வேலை போயிருக்கும். அவள் எழுதிய முதல் சீட்டுக்கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓரத்துல இடம் விடலையே" என்றுதான் அன்று சொன்னார். அது இப்போது நினைவுக்கு வந்து நெஞ்சை அறுத்தது.

அடியில் அந்தப் பழைய சீட்டும் கிடந்தது. மனைவி கணவனிடம் சொன்னது. கணவன் மனைவியிடம் சொன்னதாக ஒன்றுகூட இல்லை. இரண்டு முறை தேடினார்.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றாமலே சொன்னார்.

"அந்த ரெண்டு வருஷம் நீ இல்லேன்னா நான் தெருவுல நின்னிருப்பேன். கையெழுத்தும் முத்து முத்தா இருக்கு. அப்பவே பாராட்டியிருக்கணும்."

அவள் மடித்த துணியை ஓரமாக வைத்தாள். எழுந்துபோய் அலமாரியிலிருந்து பென்சிலும் வெற்றுச் சீட்டும் எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள்.

"எந்தச் சொல்லுக்குங்க?"

கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவள் நிஜமாகவே கேட்டாள்.