மாமா உட்கார்ந்திருந்த ஆட்டங்கள்

என் அம்மாவின் தம்பி மலேசியாவில் ஒரு கிளப்புக்கு மூன்று வருடம் ஃபுட்பால் ஆடினார். துடியலூரில் எங்கள் தெருவிலிருந்து பந்து உதைப்பதையே வேலையாகக் கொண்டு வெளிநாடு போனவர் அவர் ஒருவர்தான். இதில் எங்கள் வீட்டுக்குப் பெருமை இருந்த அளவுக்குக் குழப்பமும் இருந்தது. காரணம், மாமா கோல் போட்டதே இல்லை.

அவர் மிட்ஃபீல்டர். மைதானத்தின் நடுவில் நின்று எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து, முன்னால் ஓடுகிறவனுக்குக் கொடுப்பது அவர் வேலை. அங்கே இரவு ஆட்டம் என்றால் இங்கே சாயங்காலம். அவர் அனுப்பும் லிங்க்கை அப்பா கம்ப்யூட்டரில் திறந்துவைப்பார். நானும் அம்மாவும் அப்புச்சியும் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருவோம். அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. படம் கலங்கலாகத்தான் வரும். கேமரா பந்தின் பின்னாலேயே போகும், மாமாவிடம் வந்த பந்தோ இரண்டு நொடி தங்காது. “ஏதோ கைமாத்தி உட்டுட்டே இருக்கறான்” என்பார் அப்புச்சி. வெட் கிரைண்டர் பட்டறை வைத்திருந்தவர் அவர். ஒரு ஆள் சாயங்காலத்துக்குள் என்ன செய்து முடித்தான் என்று கண்ணால் பார்த்தே பழகியவர்.

அப்போது எனக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தது, இன்னும் காது குத்தவில்லை. எங்கள் பக்கத்தில் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். அதுவும் ஒற்றைப்படை வயதில்தான். மூன்றாவது வயதில் மாமாவுக்கு முட்டியில் ஆபரேஷன். ஐந்தாவது வயதில் அவர் புதிதாக மலேசியா போயிருந்தார். ஏழையும் தவறவிட்டால் ஒன்பது வயதில் மொட்டையோடு பள்ளிக்கூடம் போக வேண்டிவரும் என்பது அம்மாவின் கவலை.

நாள் குறித்த பிறகு மாமா போன் செய்தார். அதே ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஆட்டம் இருந்தது. கோச் புதியவர். வெளிநாட்டு ஆட்களுக்கு அணியில் விரல்விட்டு எண்ணுகிற இடங்கள்தான், மாமாவின் இடத்துக்கு இன்னொருவன் காத்துக்கொண்டிருந்தான். “இந்த ஒரு தடவ மதுக்கரை அண்ணன் மடியில வெச்சுக் குத்திப்போடுங்க்கா” என்றார். மதுக்கரை அண்ணன் அம்மாவின் பெரியப்பா மகன், மடிக்கு உரிமையுள்ளவர்தான். அம்மா அரை மனதாகச் சரி என்றாள்.

அப்புச்சிக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. “நம்ம பட்டறையில ஒருத்தன் நாலு நாள் லீவு போட்டுட்டு வந்தாலும் அவன் லேத்துல அவந்தான் நிக்கறான். கோல் போடறவனா இருந்தாலும் தேடுவாங்க. இவன எவன் கண்ணு தேடப்போறான்?” என்று அம்மாவிடம் சொன்னார்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மதுக்கரை மாமாவின் மீசை எனக்குப் பயம். அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

“நீங்கதான் கோலே போடறதில்லீங்களே மாமா. நீங்க இல்லாட்டி அவங்களுக்கு என்னங்க?”

மாமா சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்த மாதிரி எனக்கு ஞாபகம். “அதும் நாயந்தான் அம்மணி. செரி, வாரேன்” என்றார். சொன்னபடி வந்தும் விட்டார்.

ஞாயிறு காலையில் எல்லாம் முறைப்படி நடந்தது. முதல் காதில் குத்தியதும் மாமாவின் மணிக்கட்டைக் கடித்துவைத்தேன், அவர் கையை எடுக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவரே கம்ப்யூட்டரைத் திறந்தார். அவருடைய இடத்தில் காத்திருந்தவன் ஆடினான். நான் மொட்டைத் தலையும் வீங்கிய காதுமாக மறுபடியும் அவர் மடியில் ஏறிக்கொண்டேன். பந்து நடுவில் வரும்போதெல்லாம் எனக்கு அடியில் மாமாவின் கால் வெட்டி வெட்டி இழுத்தது. “ஆடாம இருங்க மாமா, காது வலிக்குது” என்று அதட்டினேன்.

அணி ஜெயித்தது. அப்புச்சிக்கு ஒரே திருப்தி. “பாத்தயா, நீ இல்லாமயே ஜெயிச்சுப்போட்டாங்க. நாந்தான் சொன்னனே” என்றார். “ஆமாங்கப்பா” என்றார் மாமா. மறுநாள் அப்பா அவரைப் பீளமேட்டு ஏர்போர்ட்டில் விட்டுவந்தார்.

அந்த சீசன் முடிந்ததும் கிளப் அவரை அனுப்பிவிட்டது. வேறு கிளப்பும் கிடைக்கவில்லை. இப்போது இங்கேயே ஒரு கல்லூரியில் கோச்சாக இருக்கிறார். பிள்ளைகளை மைதானத்தின் நடுவில் நிறுத்தி, இந்த இடத்தை ஒரு நாள் விட்டாலும் இன்னொருவன் வந்து நின்றுவிடுவான் என்று சொல்லிக்கொடுப்பதை நானே கேட்டிருக்கிறேன். நான் போனில் கேட்டதை அவர் என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனால் மாமா திரும்பிப் போன பிறகு வந்த அந்த ஆட்டங்கள் எங்கள் வீட்டில் கொண்டாட்டமாகவே கழிந்தன. கேமரா அடிக்கடி கோச்சைக் காட்டும். கோச்சுக்குப் பக்கத்தில் நாற்காலியில், மாற்று ஆட்டக்காரர்கள் சட்டைக்கு மேல் மாட்டும் மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு மாமா உட்கார்ந்திருப்பார். மூன்று வருடத்தில் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது அப்போதுதான். அம்மா உறவுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். “பக்கத்துலயே உக்காரவெச்சுட்டாங்க. மருவாதி கூடிப்போச்சு” என்றார் அப்புச்சி. அப்பாவுக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்திருக்க வேண்டும். அவர் பாதியிலேயே எழுந்து போனார்.

அப்படி வந்த முதல் ஆட்டம் முடிந்து மாமா போன் செய்தபோது நான்தான் ஓடிப்போய் எடுத்தேன். “மாமா, இப்பத்தானுங்க உங்க மூஞ்சி நல்லாத் தெரியுது. இனிமே எப்பவும் அங்கயே உக்காந்துக்கோங்க” என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் சரியில்லை போல என்று நினைத்து, அதையே இன்னொரு தடவை கத்திச் சொன்னேன்.