நாற்பத்தேழு பேரில் ஒருத்திக்கு மட்டும் பச்சை

பதிவேடு எழுதுகிற வேலையில் இருப்பவனை யாரும் பாராட்ட மாட்டார்கள். ஒரு எண் பிசகினால் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

நான் சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பி.எட். கல்லூரியில் இருபத்தாறு வருஷமாக அந்த வேலையில் இருக்கிறேன். பெண்கள் கல்லூரி. நான் படித்தது எட்டாம் வகுப்பு. மணி அடிக்க வந்தவன். கையெழுத்து நன்றாக இருக்கிறது, கூட்டல் தப்புவதில்லை என்று ஒவ்வொரு பதிவேடாக என் மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்கு அதிகம் பேச வராது. எண்ண வரும்.

போன வருஷம் கல்லூரிக்கு எல்.எம்.எஸ். என்று ஒன்று வந்தது. பாடம், வீட்டு வேலை, மார்க் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிற இணையதளம். “ரொம்ப ஈசி” என்று சொல்லித்தான் என்னிடம் கொடுத்தார்கள். உங்கள் ஆபீசிலும் இப்படிச் சொல்லி எதையாவது இறக்கியிருந்தால் நான் எழுதுவது உங்களுக்குப் புரியும். புரியாவிட்டாலும் குற்றமில்லை, நானும் முழுதாகப் புரிந்து எழுதவில்லை.

ஒன்று மட்டும் புரிந்தது. இரண்டாம் வருஷத்தில் நாற்பத்தேழு பேர். லெசன் பிளான் எழுதி அந்தத் தளத்தில் கொடுத்தவர் பேருக்கு நேராகப் பச்சை, கொடுக்காதவருக்குச் சிவப்பு. சிவப்பாக இருந்தால் இன்டர்னல் மார்க் பல்கலைக்கழகத்துக்குப் போகாது. மார்க் போகாவிட்டால் ஹால் டிக்கெட் வராது. மற்றவர்களுக்கு அது ஆறு மாதத் தாமதம். இளையரசனேந்தல் பக்கமிருந்து வரும் பேச்சியம்மாளுக்கு அப்படி இல்லை. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் படிக்க வந்தவள், மகள் மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள். வீட்டில் இரண்டு வருஷத்துக்குத்தான் சம்மதம், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது என்று சேரும்போதே என்னிடம் சொல்லியிருந்தாள்.

யாருக்குப் போன் செய்வது

எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு அட்டை தொங்கும். ஜெராக்ஸ் மெஷின், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார் எது ரிப்பேர் ஆனாலும் யாரைக் கூப்பிடுவது என்று பேரும் நம்பரும் எழுதி வைத்திருப்பேன். மொத்தம் பதினொன்று. எல்.எம்.எஸ்.ஸைப் பன்னிரண்டாவதாக எழுதிவிட்டு, இது எந்தக் கம்பெனி என்று கம்ப்யூட்டர் ஆசிரியை ஜெபா மிஸ்ஸிடம் கேட்டேன். கம்பெனியிடம் வாங்கவில்லை என்றார். உலகத்தில் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம் என்று விட்டிருக்கிறார்களாம்.

யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்றால் பிள்ளைகள் மார்க்கும் திறந்தா கிடக்கும் என்று கேட்டேன். இல்லை, செய்முறைதான் திறந்திருக்கும், நம் கணக்கு பூட்டியிருக்கும் என்றார். பூட்டு செய்த விதம் ஊருக்கே தெரியுமாம், ஆனால் பூட்டு திறக்காதாம். நான் தலையாட்டினேன். கடைசியாக, ரிப்பேர் ஆனால் யார் வருவார் என்பதையாவது சொல்லுங்கள் என்றேன். அட்டையில் அந்த இடம் இன்றும் காலியாக இருப்பதற்கு அவர் சொன்ன பதில்தான் காரணம்: “வரதுக்கு ஆளு கெடையாது அண்ணாச்சி. கேட்டா சொல்லதுக்குத்தான் ஆளு உண்டு, அதுவும் உலகம் பூரா.”

இரண்டாவது பெயர்

நாற்பத்தேழு பேரையும் நான்தான் உள்ளே ஏற்றினேன். அந்தத் தளம் ஒரு ஆளுக்கு இரண்டு பெயர் கேட்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஒரு பெயரும் ஒரு எழுத்தும்தானே உண்டு? இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டால் அது நகர மறுத்தது. வகுப்பில் ஆறு கோமதி வேறு. அவர்களைப் பிரித்துக் காட்டவும் ஆயிற்று என்று, கல்யாணம் ஆகாதவர்களுக்கு அப்பா பேரையும், ஆன ஒன்பது பேருக்கு வீட்டுக்காரர் பேரையும் போட்டேன்.

மறுநாளே ஒன்பது பேருக்கும் அதை எடுத்துவிட்டு, இரண்டாவது கட்டத்தில் இனிஷியலைப் போட வேண்டியதாயிற்று. நான் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேச்சியம்மாள் ஜன்னல் பக்கம் வந்து, கோபமில்லாமல்தான் கேட்டாள்: “படிக்கது நானா அவரா அண்ணாச்சி? விட்டா எங்கூட சேந்து அவரும் பாஸாயிருவாரு போலுக்கே.”

இரண்டு எண்ணிக்கை

வருகை எடுப்பதில் எனக்குக் குழப்பமே வந்ததில்லை. ஆள் கண் முன்னால் இருந்தால் இருக்கிறார். ஆனால் எல்.எம்.எஸ். அப்படி நினைப்பதில்லை. ஒரு திங்கட்கிழமை வகுப்பில் நாற்பத்தைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் போய்த் தலை எண்ணினேன். தளத்தில் பார்த்தால் பன்னிரண்டு பேர்தான் வந்ததாகக் காட்டியது. அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி அன்று காய்ச்சல் என்று லீவு போட்டவள். வராதவள் வந்திருக்கிறாள், வந்தவர்கள் வரவில்லை. அவள் வீட்டிலிருந்து போனில் தளத்தைத் திறந்திருப்பாள், அது திறந்தவரைத்தான் எண்ணும் என்று ஜெபா மிஸ் சொன்னார். சரி, அப்படியானால் அவள் வந்தவளா, வராதவளா?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி பிரின்சிபல் அம்மாவிடம் கையெழுத்துக்கு அனுப்பினேன். அன்று மத்தியானமே கூப்பிட்டு அனுப்பினார்கள். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்கள்: “எண்ணிக்கை தப்பா இருந்தாகூடப் பரவால்ல, ரெண்டு எடத்துலயும் ஒரே தப்பா இருக்கட்டும்.”

தமிழ்

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஜெபா மிஸ் பரிதாபப்பட்டு, இதைத் தமிழிலும் மாற்றலாம், யாரோ சம்பளமில்லாமல் உட்கார்ந்து மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள் என்று மாற்றிக் கொடுத்தார். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். எனக்கு மட்டும் மாற்றியதாக நினைத்தோம், கல்லூரிக்கே மாறியிருந்தது. மூன்றாம் நாள் இருபத்துமூன்று பேர் என் ஜன்னலில் நின்றார்கள். ‘சப்மிட்’ இருந்த இடத்தில் ‘சமர்ப்பி’ இருந்ததால் எங்கே அழுத்துவது என்று தெரியவில்லையாம். அவர்களில் தமிழ் ஆசிரியர் ஆவதற்காகவே படிக்கிற ஒரு பிள்ளை முன்னால் வந்து கெஞ்சினாள்: “அண்ணாச்சி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், தமிழ எடுத்துருங்க. எனக்கு ஒண்ணுமே வெளங்கல.”

ஒரே ஒரு பச்சை

இனி வருவது என் தவறு. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

லெசன் பிளானுக்குத் தேதி குறித்ததும் வழக்கம்போல நான் ஒரு நோட்டீஸ் எழுதி பிரின்சிபல் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி ஒட்டினேன். எங்கள் கல்லூரியில் நோட்டுகளை வகுப்பு லீடர்தான் வாங்கி, வரிசை எண் பார்த்து அடுக்கி, கட்டி என் மேஜைக்குக் கொண்டுவருவாள். நான் எண்ணி வாங்குவேன். இருபத்தாறு வருஷமும் நோட்டீசில் ஒரே வாசகம்: ‘வழக்கம்போல் லீடரிடம் ஒப்படைக்கவும்.’ கை பழகிவிட்டது. இந்த முறையும் அதையே எழுதியிருக்கிறேன்.

பிள்ளைகளும் அதையே செய்தார்கள். லீடர் மாரிச்செல்வி எல்லார் நோட்டையும் வாங்கி, பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து, ஒரே கட்டாகச் சேர்த்து, தன் பேரில் தளத்தில் ஏற்றிவிட்டாள். அதற்கு ‘எல்லாரோடதும்’ என்று தலைப்பும் போட்டிருந்தாள். புதன்கிழமை காலை நான் திறந்தபோது ஒரு பச்சை, நாற்பத்தாறு சிவப்பு. தேதி முடிந்து, தளத்தில் பிளானைப் போடுகிற பெட்டி மூடியிருந்தது. பட்டியல் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும்.

பிள்ளைகளெல்லாம் பயிற்சிக்காகச் சிவகிரி, மேலநீலிதநல்லூர் என்று பதினொரு பள்ளிக்கூடங்களில் இருந்தார்கள். போனில் பேசவே கூச்சப்படுகிற நான் அன்று முப்பத்தொரு போன் செய்தேன். பதினாலு பேர்தான் எடுத்தார்கள். பேச்சியம்மாள் நோட்டை லீடர் கையில் கொடுத்துவிட்டு, உளுந்து விதைப்புக்கு லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தாள். அவள் வீட்டில் இருப்பது ஒரு போன், அதுவும் வீட்டுக்காரரிடம். ஏழு தடவை அடித்தேன். ஏழு தடவையும் சுவிட்ச் ஆஃப். மாரிச்செல்வி உள்ளூர்ப் பள்ளியில் இருந்ததால் மத்தியானம் வந்தாள். அவரவர் தனியாக ஏற்றியிருக்க வேண்டும் என்று ஜெபா மிஸ் சொன்னபோது, அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்: “தனித்தனியாக் குடுக்கணும்னா லீடருன்னு ஒருத்தி எதுக்கு அண்ணாச்சி?”

பனி ஊர்க்காரர்

எல்.எம்.எஸ். வைத்திருப்பவர்கள் தங்கள் கஷ்டத்தை எழுதிப் போடுகிற பொதுப் பலகை ஒன்று இணையத்தில் இருக்கிறது. ஜெபா மிஸ் அதில் நடந்ததை எழுதினார். நமக்கு யார், எதற்குப் பதில் சொல்லப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன். வியாழன் காலை பதில் வந்திருந்தது. ஏதோ பனி பெய்கிற ஊரில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவராம். ஒருவர் கொடுத்தால் குழுவில் எல்லார் பேரிலும் ஏறுகிற வசதி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, புதிதாக ஒரு பெட்டி திறந்து நாற்பத்தேழு பேரையும் ஒரே குழுவாக்குங்கள், மார்க்கை மட்டும் ஆளுக்குத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று படிப்படியாக எழுதியிருந்தார்.

அப்படி ஒரு வசதியை எந்த ஊர்க்காரர் கேட்டு வாங்கியிருப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அங்கேயும் ஒரு லீடர் நோட்டு சுமந்திருக்க வேண்டும். பதிலின் கடைசி வரியை ஜெபா மிஸ் எனக்காகத் தமிழில் வாசித்தார்: “ஒங்க லீடர் செஞ்ச வேலை சரிதான், போட்ட பெட்டிதான் தப்புன்னு எழுதிருக்காரு அண்ணாச்சி.”

நூற்றெண்பத்து நாலு

அழுத்தினால் எல்லாரும் பச்சை. பேச்சியம்மாளைத் தேட வேண்டியதே இல்லை. ஆனால் கட்டை எண்ணாமல் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. ஆளுக்கு நாலு பக்கம். நாற்பத்தேழு பேருக்கு நூற்றெண்பத்தெட்டு வர வேண்டும். ஜெபா மிஸ் திரையில் தள்ளத் தள்ள நான் கோடு போட்டு எண்ணினேன். நூற்றெண்பத்து நாலு. மறுபடியும் எண்ணினேன். அதேதான். யாரோ ஒருத்தியுடையது இல்லை. இல்லாவிட்டாலும் பச்சை வந்துவிடும், யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். அது பேச்சியம்மாளாக இருந்தால் சொல்வேனா, மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

பெயர் பார்த்துப் பார்த்துப் பட்டியலில் அடித்துக்கொண்டு வந்தோம். நூற்று நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் பேச்சியம்மாள் வந்தாள். ஓரத்தில் அவள் மகள் ஒரு கோழி வரைந்திருந்தாள். மூச்சு வந்தது. கடைசியில் அடிபடாமல் நின்ற பேர் ஒன்றுதான்: மாரிச்செல்வி. நாற்பத்தாறு பேரிடம் ஒவ்வொருத்தியாகக் கேட்டு வாங்கியவள், எழுதி முடித்த தன் நோட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். கொடுத்த நாற்பத்தாறு பேருக்கும் சிவப்பு. கொடுக்காத ஒருத்திக்குப் பச்சை. பள்ளியிலிருந்து வரவழைத்து நான் சொன்னதும் அவள் பையைத் திறந்து நோட்டை எடுத்துவிட்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகத்தோடு சொன்னாள்: “ஏங்கிட்ட யாரும் கேக்கலியே அண்ணாச்சி.”

கையெழுத்து

நூற்றெண்பத்தெட்டும் சேர்ந்தது. ஆனால் தேதி முடிந்த பிறகு புதுப் பெட்டி திறக்க பிரின்சிபல் அம்மா சம்மதிக்க வேண்டும். கொடுக்காதவர்கள் கொடுக்கவில்லை என்றே போகட்டும் என்பதுதான் அவர்கள் முதலில் சொன்னது. வெள்ளிக்கிழமை காலை நான் அந்த அறைக்குள் போனேன். கூப்பிடாமல் நான் உள்ளே போனது இத்தனை வருஷத்தில் அது மூன்றாவது தடவை. நோட்டீசை எழுதியது நான், பிள்ளைகள் எழுதியிருந்தபடி செய்தார்கள், மார்க் போகக் கூடாது என்றால் அது எனக்குத்தான் போகக் கூடாது என்று சொன்னேன். விதைப்புக்குப் போன பேச்சியம்மாளுக்கு இன்னொரு வருஷம் கிடையாது என்பதையும் சொன்னேன். நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

பிரின்சிபல் அம்மா நோட்டீசைக் கேட்டு வாங்கி, இரண்டு தடவை வாசித்தார்கள். கீழே இருந்த தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு ஜெபா மிஸ்ஸுக்குச் சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டு, நான் கதவுப் பக்கம் போனதும் கூப்பிட்டுச் சொன்னார்கள்: “நானும் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன் அண்ணாச்சி. அதையும் எண்ணி எங்கயும் எழுதி வச்சிராதீங்க.”

விதைப்பு முடிந்து

மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு நாற்பத்தேழு பேரும் பச்சையானார்கள். நான் மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் எண்ணினேன். மார்க் போயிற்று. ஹால் டிக்கெட் வந்தது.

பேச்சியம்மாள் பத்து நாள் கழித்து வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. ஹால் டிக்கெட்டை வாங்கி, பேர் சரியாக இருக்கிறதா, வீட்டுக்காரர் பேர் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். ஏழு தடவை போன் அடித்ததைச் சொல்வதற்குப் பதில் பதிவேட்டில் அவள் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். போகிறவள் திரும்பி நின்று, குற்றம் செய்தவள்போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “அந்த கம்ப்யூட்டர்ல நமக்கு ஏதோ வேலை உண்டும்னாவளே அண்ணாச்சி, நான் ஒரு நாள்கூடத் தொறந்து பாக்கலியே, ஒண்ணும் ஆயிராதுல்லா?”

இந்த வருஷக் கணக்கு ஒன்றுகூடத் தப்பாமல் நேராகிவிட்டது. விளங்கித்தான் நேராக்கினாயா என்று மட்டும் என்னை யாரும் கேட்க வேண்டாம்.