டாபே ராமின் எக்காளம்

எக்காளம் கைக்கு வர டாபே ராமுக்கு இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. குலு மலையின் மேல்கோடியில் இருக்கிறது எங்கள் ஊர். இங்கே சாமிக்கு முன்னால் தாளம் தட்டியே பாதி வயசைத் தீர்த்தவன் அவன். மூத்த ஊதுகாரர் பல் கொட்டி ஓய்ந்த பிறகு, இந்த வசந்தத் திருவிழாவுக்கு நீயே ஊது என்றார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

காலையிலேயே தொப்பியில் பூச்செருகிக்கொண்டு, கோயில் தாழ்வாரத்தில் மாட்டியிருந்த எக்காளத்தை எடுக்கப் போனான். அதன் அகன்ற வாய்க்குள் பாசியால் கட்டிய கூடு, நாலு குஞ்சுகள். பூச்சியைக் கவ்விய நீல ஈப்பிடிப்பான் குருவி ஒன்று அவன் மூக்கை உரசிக்கொண்டு உள்ளே போயிற்று.

"பிடுங்கிப் போடுடா!" கோயில் அதிகாரி ஹீரா சந்த் கத்தினார். "பக்கத்து ஊர்ச் சாமி பாலத்துக்கு வந்தாச்சு. எக்காளம் இல்லாம வரவேற்றா மானம் போயிடும். உன்னால முடியலன்னா உன் மச்சான்கிட்ட குடுத்துடுவேன்!"

டாபே ராம் எக்காளத்தை மறைத்துக்கொண்டு நின்றான். "இன்னும் இறகே முளைக்கலீங்க. சாமியையே கேட்டுடுவோம்."

எங்கள் சாமி பதில் சொல்வது பல்லக்கைச் சாய்த்துத்தான். பல்லக்கைத் தோளில் தூக்கி, கூட்டை எடுக்கலாமா என்று கேட்டார்கள். முன்னால் சாய்ந்தால் சம்மதம், பின்னால் சாய்ந்தால் கூடாது. அதுவோ தூக்கியவர்களையும் இழுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கே ஓடி, எக்காளத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்று, பின்னால் சாய்ந்தது. தூக்கியவர்களில் ஒருவன் சாணியில் உட்கார்ந்தான்.

"அப்ப எதை ஊதுவே, உன் தொப்பியையா?" என்று அதிகாரி கேட்டு முடிப்பதற்குள் வாசலில் மேளம் முழங்கியது. விருந்தாளிச் சாமி வந்துவிட்டது.

டாபே ராமுக்கு என்ன வந்ததோ! இரண்டு கையையும் வாயில் குவித்து, "பூவ்வ்வ்..." என்று ஊதினான். கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் நிற்கவில்லை.

"அட மனுஷா, மானத்த வாங்காதே!" என்று தலையில் அடித்துக்கொண்ட மனைவி பிம்லா, அடுத்த நொடி தானும் ஊதினாள். பிறகு ஊரே ஊதியது. இரண்டு சாமிகளும் போட்ட ஆட்டத்தில் பல்லக்குத் தூக்கிகளின் செருப்புகள் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. ஈப்பிடிப்பான் மட்டும் பூச்சி பிடிப்பதை நிறுத்தவே இல்லை.

குஞ்சுகள் பறந்ததும் எக்காளத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கி, அடுத்த விழாவுக்குத் தோளில் சாய்த்தபடி முதல் ஆளாக நின்றான் டாபே ராம். ஹீரா சந்த் அதை வாங்கி அவன் மச்சானிடம் கொடுத்துவிட்டார்.

"நான் என்ன தப்பு செஞ்சேன், ஐயா?" அழுதே விட்டான் டாபே ராம்.

"தப்பா? இதை எவன் வேணா ஊதுவான்டா. நீ கையைக் குவிச்சு வாயாலயே ஊதலன்னா தங்க சாமி நம்ம படியேறாதுன்னு பக்கத்து ஊர்க்காரங்க ஆள் விட்டுச் சொல்லியிருக்காங்க!"

அழுது முடிக்கக்கூட நேரம் தரவில்லை பாவிகள். வாசலில் மேளம் கேட்டது. டாபே ராம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைக் குவித்தான்.