கழுதைக்குட்டி போய்ச் சேர்ந்த வீடு

என் மகளிடம் எழுத்தே இல்லாத ஒரு படப் புத்தகம் இருக்கிறது. அவள் பேசப் பழகிய காலத்தில் தருமபுரி புத்தகக் கண்காட்சியில் என் கணவர் வாங்கி வந்தது. கழுத்தில் மணி கட்டிய ஒரு கழுதைக்குட்டி தனியாக நடந்து போகிறது. ஒரு சந்தையைக் கடக்கிறது, ஒரு மலை ஏறுகிறது, மழைக்கு ஒரு பாலத்தின் அடியில் கொக்கு ஒன்றோடு ஒதுங்கி நிற்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு வீட்டின் முன்னால் வந்து நிற்கிறது. கதவு சாத்தியிருக்கும். ஜன்னலில் வெளிச்சம் தெரியும். அதோடு புத்தகம் முடிந்துவிடும்.

எழுத்து இல்லாததால் கதையை நாங்கள்தான் சொல்லியாக வேண்டும். என் கணவர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். நான் கம்பைநல்லூர்க்காரி, எனக்குத் தமிழ்தான். அவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார், சனிக்கிழமை மாலையில்தான் பென்னாகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். வார நாட்களில் நான் தமிழில் சொல்லும் கழுதை அம்மாவைத் தேடிப் போகும். கதவுக்குப் பின்னால் அம்மா இருக்கும். சனி, ஞாயிறுகளில் அவர் கன்னடத்தில் சொல்லும் கழுதைக்கு அம்மாவே கிடையாது. அது எங்கேயோ வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். உள்ளே அதன் கூட்டாளியான நாய் காத்துக்கொண்டிருக்கும்.

மகள் இரண்டையும் கேட்டு வளர்ந்தாள். என் மடியில் இருந்தால் பக்கத்துக்குப் பக்கம் “அப்புறம்?” என்பாள். அவர் மடியில் இருந்தால் “ஆமேலெ?” என்பாள். எது சரி என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அவள் இரண்டாம் வகுப்பு போன வருஷம் அந்தப் புத்தகத்தைப் படமாக எடுத்துவிட்டார்கள். தமிழில் பேச்சு சேர்த்து வெளியிட்டிருந்தார்கள். விளம்பரத்தைக் கைப்பேசியில் முதலில் பார்த்தவர் என் கணவர். ஓசூரிலிருந்து உடனே கூப்பிட்டார்.

“நம்ம கழுதை படத்துல வருது. ஞாயித்துக்கிழமை தருமபுரி போலாம். பாப்பாகிட்ட இப்பவே சொல்லிடு.”

அவர் குரலில் இருந்த சந்தோஷம் மகளிடம் இல்லை. “அப்படியா” என்று மட்டும் சொன்னாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் பிடித்துப் போனோம். படம் ஆரம்பித்ததும் சந்தை வந்தது. புத்தகத்தில் இருந்த அதே சந்தை, அதே வெல்ல மூட்டைகள். என் கணவர் அவள் தோளைத் தட்டித் தட்டிக் காட்டினார். அவளும் சிரித்தாள். பிறகு கழுதை வாயைத் திறந்து பேசியது, அதுவும் தொலைக்காட்சியில் கேட்டுப் பழகிய ஒரு நகைச்சுவைக் குரலில். தியேட்டரே சிரித்தது. மகள் என் பக்கம் திரும்பினாள்.

“இது யார் கதைம்மா? உன்னுதா, அப்பாவுதா?”

“ரெண்டும் இல்ல கண்ணு. இது வேற ஒருத்தரு கதை.”

அதன் பிறகு அவள் பாப்கார்னைத் தொடவில்லை. கழுதையைத் துரத்தும் ஒரு வியாபாரி வந்தான், இரண்டு பாட்டுகள் வந்தன, பாலமும் கொக்கும் வந்தன. எல்லாவற்றையும் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் கழுதை அந்த வீட்டின் முன்னால் வந்து நின்றது. கதவு மெல்ல அசைந்தது. மகள் சட்டென்று எழுந்து இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

“எனக்கு வேணாம். வெளிய போலாம்.”

பின்னால் இருந்தவர் “உக்காருங்க, மறைக்குது” என்றார். என் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நானும் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. உள்ளே யார் என்று பார்த்துவிட வேண்டும் போல இருந்தது. கடைசிவரை பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் தூங்கிப்போனாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“ஏன் கண்ணு வேணாங்கறன்னு கேட்டேன். தொறந்துட்டா ஒண்ணுதான் இருக்கும்னா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்றது? ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேன்.”

அவள் தலை ஜன்னலில் இடிக்காமல் கையை அணையாக வைத்தார். பிறகு, “ஆமா, உள்ள யாருதான் இருந்தாங்க?” என்றார்.

“அவ பாக்காம நீங்களும் தெரிஞ்சுக்க வேணாம்,” என்றேன்.

அந்த வாரம் முழுக்க ஓசூரிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருந்தார். கூட வேலை செய்பவர்கள் யாராவது பார்த்திருப்பார்களே, அவர்களைக் கேளுங்கள் என்றால், “அவங்ககிட்ட கேட்டா நல்லாருக்காது, நீயே சொல்லு” என்பார். நான் சொல்லவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருப்பாள். அவள் பென்சில் நிற்பது எனக்குத் தெரியும்.

ஒரு நாள் நான் வேலை செய்யும் மருந்துக் கடைக்குப் பள்ளி விட்டு நேராக வந்தாள். வழக்கமாக என் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடுவாள். பையைக்கூட இறக்காமல் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எங்க கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க. சொல்ல வந்தாங்க, நான் காதைப் பொத்திக்கிட்டேன். நீ கடைசி வரைக்கும் பாத்த இல்ல?”

“பாத்தேன்.”

“உள்ள அம்மா இருந்துச்சா?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “இல்ல கண்ணு.”

அவள் முகம் வாடியது. “அப்ப நாயா?”

“நாயும் இல்ல.”

“ரெண்டும் இல்லியா? நெசமாவா?”

“நெசமாத்தான்.”

பெருமூச்சு விட்டாள். பையை இறக்கி ஸ்டூலில் வைத்தாள். “அப்பப் பரவால்ல. பாக்கலாம்,” என்றாள். ஒரு பெரியவர் சளி மாத்திரை கேட்டு நின்றார். எடுத்துக் கொடுத்தேன். தப்பான மாத்திரையை எடுத்துவிடாமல் இருக்க அட்டையை இரண்டு முறை படித்துப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் இருவரில் ஒருவர் பொய்யாகிவிடக் கூடாதே என்று அந்தப் பிள்ளை இத்தனை நாள் மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறது.

சில வாரங்கள் கழித்துப் படம் கைப்பேசிக்கே வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, தண்ணீர்ச் செம்பில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து மூவரும் பார்த்தோம். கதவு அசைந்தபோது அவள் எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. வைக்கோல் பரப்பிய ஒரு வெற்று அறை, ஒரு விளக்கு. கழுதை உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறது. அதன் மணிச் சத்தம் கேட்டு, வழியில் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். முதலில் வருவது கொக்கு.

எனக்கு மறுபடியும் அழுகை வந்தது. என் கணவருக்கு வந்தது கோபம்.

“இதென்ன கதை? வூட்ல ஒருத்தரும் இல்ல, அப்புறம் வெளக்கு யாரு ஏத்துனாங்க?”

“படங்க அது,” என்றேன்.

“படம்னா? நாயி இருந்திருந்தா ஒரு நியாயம் இருக்கும். உன் கதையில அம்மா இருந்தாலும் நியாயம். காலி வூட்ல எப்படி வெளக்கு எரியும்?”

மகள் யோசித்தாள். “சுவிட்ச அணைக்காம வெளிய போயிருப்பாங்கப்பா. கரண்ட் வந்ததும் தானா எரிஞ்சிருக்கும்.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. அதுவரை கலங்கியிருந்த என் கண்ணிலிருந்து சிரித்ததில்தான் தண்ணீர் வழிந்தது. “பேசுன கழுதை பிடிச்சுச்சா?” என்று கேட்டேன். “வாய்தான் ஜாஸ்தி. கொக்கு பரவால்ல,” என்றாள்.

பிறகு அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். அன்றைக்குத் தானே சொல்வதாகச் சொன்னாள். சந்தை தமிழில் வந்தது, மலை கன்னடத்தில் வந்தது. பாலத்தடியில் கொக்கும் கழுதையும் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தன. கொக்கின் டீச்சர் ரொம்பக் கண்டிப்பாம், ரீசஸ் மணி அடித்தாலும் விடமாட்டாராம். பேச்சு போய்க்கொண்டே இருந்தது, பக்கம் திரும்பவில்லை. என் கணவர் அவளிடம் “ஆமேலெ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். அவள் குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள், நிறுத்தவில்லை.